நீல அட்டை

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் நான் அந்த அலுவலகத்தில் இருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு அவர்கள் ஒதுக்கியிருந்தது முக்கால் மணி நேரம்.

புரோகிராமர் வேலை, முன் அனுபவம் தேவையில்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நான் படித்தது வேதியியல். பட்டம் வாங்கிய பிறகு ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்து நானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஏழு மாதமும் அப்பா பொறுத்துக்கொண்டார். எட்டாவது மாதம் பொறுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. கிடைச்சா சந்தோஷம். கிடைக்கலைன்னா திங்கட்கிழமை சித்தப்பா லேப். அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது."

சித்தப்பா ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறார். அங்கே எனக்கு ஒரு ஸ்டூல் தயாராக இருந்தது. குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். வருகிறவர்களுக்கு ரத்தம் இருக்கும்வரை ஒட்டிக்கொண்டே இருக்கலாம்.

"எதைக் கேட்டாலும் தலையாட்டிட்டு வந்துடாதடி" என்றார் அம்மா, நான் செருப்பு மாட்டும்போது.

நான் தலையாட்டினேன்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு கொள்கை உண்டு. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, தேர்வுக்கு வருபவரின் பெயர், ஊர், கல்லூரி எதையும் கேட்க மாட்டார்கள். ஓர் எண் மட்டும் தருவார்கள். என் எண் நான்கு. உள்ளே வந்த பிறகு யாரிடமும் பெயரைச் சொல்லக் கூடாது, எந்தக் காகிதத்தையும் காட்டக் கூடாது, மீறினால் தேர்விலிருந்து விலக்கப்படுவீர்கள் என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால்தான் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பத்து மணி ஐந்துக்கு லிஃப்டிலிருந்து இரண்டு பேர் இறங்கினோம். நானும், பச்சைக் கைப்பை மாட்டியிருந்த, என் வயதே இருக்கும் ஒரு பெண்ணும். வரவேற்பு மேசைக்காரர் தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு ஏசி ரிப்பேர்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டு அட்டைகள் எடுத்து வைத்திருந்தார். எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நீலத்தை என்னிடமும் மஞ்சளை அவளிடமும் நீட்டினார்.

"நீலம், உள்ள இடது பக்கம். மஞ்சள், மேல் மாடி. உங்களைச் சொல்லலைங்க, நீங்க சொல்லுங்க, கம்ப்ரெஸர் எப்ப வரும்?"

என் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விரலால் கதவைக் காட்டினார். போய்விட்டேன்.

உள்ளே நீளமான அறை. இரண்டு வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு திரைகள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டிருந்த ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். அவர்தான் டீம் லீட் என்று பிறகு தெரிந்தது.

"வந்துட்டியா? நல்ல நாள் பார்த்து வந்தம்மா. இன்னிக்கு இங்க எல்லாருக்கும் தலை வெடிக்குது. பேர் என்ன? லெட்டர்ல பார்த்தேன், மறந்துட்டேன்."

என்ன லெட்டர் என்று புரியவில்லை. ஆனால் இது பொறி என்று மட்டும் புரிந்தது.

"சொல்லக் கூடாதுன்னு மெயில்ல இருந்துது சார்."

அவர் சத்தமாகச் சிரித்தார்.

"நம்ம கொள்கையை இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்ட முதல் ஆள் நீதான். சரி, சொல்லாத. புதுசுன்னே கூப்பிடறேன். உட்காரு புதுசு."

அது பல் மருத்துவர்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்யும் நிறுவனம். எனக்கு முன்னால் ஒரு புரோகிராமைத் திறந்து வைத்தார். "முப்பத்தோராம் தேதிக்கு புக் பண்ணவங்க யாரும் லிஸ்ட்ல வரமாட்டேங்கறாங்க. சாயங்காலம் புது வெர்ஷன் போகணும். ஏன்னு பாரு." போய்விட்டார்.

செய்முறைத் தேர்வு என்று நினைத்தேன். கல்லூரி ஆய்வகத்திலும் இப்படித்தான், உப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பரிசோதகர் நகர்ந்துவிடுவார். ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் என்ன மதிப்பு வருகிறது என்று பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பக்கத்து மேசையில் ஓர் அக்கா இருந்தார். புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். என் தாளை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கம்ப்யூட்டரைப் பேப்பர்ல ஓட்டுற?"

இது கிண்டலா, கேள்வியா? இதற்கு மதிப்பெண் உண்டா? அடுத்த கட்டத்தை நிரப்பினேன்.

பதினொன்று இருபதுக்குப் பிழை கிடைத்தது. நாள்களை எண்ணும் இடத்தில் கணக்கு முப்பதோடு நின்றுவிட்டது. டீம் லீட் வந்து பார்த்தார். "அட" என்றார். எத்தனை மதிப்பெண் என்று சொல்லவில்லை. அடுத்ததைக் கொடுத்தார். ஒரே நோயாளிக்கு ஒரே குறுஞ்செய்தி இரண்டு தடவை போகிறதாம்.

யார் என்னை மதிப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் யார் நடந்தாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். ஒருவர் என் பின்னால் வெகுநேரம் நின்றார். நான் மூச்சு விடாமல் தட்டச்சு செய்தேன். அவர் பிரிண்டருக்குத் தாள் போட்டுவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டர் அக்கா தன் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கோ. ஃபோட்டோ எல்லாம் கொண்டாந்தியா? சாயங்காலம் எச்.ஆர். மேடம் வந்து ஃபார்ம் வாங்கிப்பாங்க."

எனக்குக் காது சூடானது. "அப்போ நான் பாஸாக்கா?"

"எதுல?"

"இந்த டெஸ்ட்ல."

"டெஸ்ட் பண்றது நானாச்சே" என்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "நீ சரியா தூங்கலையா நேத்து? முதல் நாள்னா அப்படித்தான் இருக்கும்."

முதல் நாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கை கழுவ எழுந்து போனேன்.

கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் பச்சைக் கைப்பைக்காரி நின்றிருந்தாள். முகம் முழுக்கத் தண்ணீர். அழுததை மறைக்கக் கழுவியிருக்கிறாள் என்று மூக்கு காட்டிக்கொடுத்தது. என் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

"நீங்க இங்கதான் வேலை பார்க்கறீங்களா?"

"இன்னிக்குதான்" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

"எனக்கும் இன்னிக்குதாங்க ஜாயினிங். நீலம்தான் தருவாங்கன்னு சொன்னாங்க, மஞ்சள் தந்துட்டாங்க. மேல போனா மூணு பேர் உட்கார வெச்சு கேள்வியா கேட்கறாங்க. வேலை குடுத்தப்புறம் எதுக்குங்க கேள்வி? என் பேரைச் சொன்னா, பேர் சொல்லாதீங்கன்னு கத்தறாங்க. ஆர்டரை எடுத்துக் காட்டினா, பேப்பர் காட்டாதீங்கன்னு ஒருத்தர் கண்ணை மூடிக்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பயத்துல எல்லாத்தையும் தப்பா சொன்னேன். தகவல் அனுப்பறோம், போகலாம்னுட்டாங்க. எச்.ஆர். நாலு மணிக்கு மேலதான் வருவாங்களாம். பழைய வேலையை விட்டுட்டு வந்திருக்கேங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கட்டிடத்திலேயே எனக்கு மட்டும்தான் புரிந்திருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். குழாயை மூடினேன். கையைத் துடைத்தேன். "கவலைப்படாதீங்க" என்றேன். வெளியே வந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு மணியிலிருந்து நான் செய்த வேலைதான் அன்றைய நல்ல வேலை. குறுஞ்செய்திப் பிழையைச் சரி செய்தேன். டெஸ்டர் அக்கா பன்னிரண்டு தடவை சோதித்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டினார். டீம் லீட், "ஏய் புதுசு, இதையும் பாரு" என்று மூன்றாவதைக் கொடுத்தார். அதையும் முடித்தேன். மனம் மட்டும் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நான் பொய் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாதே என்று சொன்னது அவர்கள். அட்டையை நீட்டியது அவர்கள். வேலை தெரியும் என்று காட்டியும் ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் என்னை அனுப்ப அவர்களுக்கே மனம் வராது. இன்னும் ஒரு பிழை, இன்னும் அரை மணி நேரம்.

மேல் மாடியில் மூன்று பேர் நான்காம் எண்ணை நிராகரித்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதுவும் நான்தான்.

நாலரைக்குப் புது வெர்ஷன் போனது. எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கை தட்டினார்கள். டீம் லீட் என் தாளை, அந்தப் பென்சில் கட்டங்களைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கப்பா. நாலு நாளா நாம முட்டிக்கிட்டு இருந்ததை இந்தப் பொண்ணு பென்சில்ல கண்டுபிடிச்சுட்டா. இவளை எடுத்தவங்க கெட்டிக்காரங்க."

முகம் கொதித்தது. தரையைப் பார்த்தேன். கூச்சம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

எச்.ஆர். மேடம் ஒரு கோப்போடு வந்தார். நாள் முழுவதும் வெளியே இருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"ஸாரிமா, லேட்டாயிடுச்சு. பேர் சரியா இருக்கான்னு பார்த்துட்டு மூணு இடத்துல கையெழுத்து போட்டுடு." பேனாவை என் கையில் வைத்துவிட்டு டீம் லீட் பக்கம் திரும்பினார். "வாசல்ல ஒரே ரகளைங்க. காலைல மேல ஃபெயிலான பொண்ணு ஒண்ணு போகவே மாட்டேங்குது. எனக்கு வேலை குடுத்துட்டீங்கன்னு சாதிக்குது."

"வெளிய அனுப்ப வேண்டியதுதானே?"

"செக்யூரிட்டிக்கு ஃபோன் போட்டாச்சு. வந்துட்டிருக்காரு."

படிவத்தின் முதல் வரியில் பெயர் அச்சிட்டிருந்தது. அவளுக்குப் பொருத்தமான பெயர். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பச்சைக் கைப்பையின் ஓர் ஓரம் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, பேர்ல தப்பா?" என்றார் எச்.ஆர். மேடம்.

தலையாட்டினால் போதாது. பேனாவைக் கீழே வைத்தேன். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இது என் பேர் இல்ல மேடம். நீங்க வேலைக்கு எடுத்த பொண்ணு வாசல்ல நிக்கறா. நான் இன்டர்வியூவுக்கு வந்தவ."