நின்றதும் கை தூக்கு

...விடக்கூடாது, விசிறி நிற்கிறவரைக்கும் விடக்கூடாது, நின்றதும் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை... லாட்ஜ் நடத்துகிற அருணேஷ் சார் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காய்ந்த ஏரிக்குள் போய்க்கொண்டே இருக்கிறார், ஒரு தரமாவது திரும்பிப் பார்க்கலாமே. நான் முட்டி போட்டு விமானத்தின் வால் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். பொம்மை விமானம் என்று எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் சொல்லிச் சிரிக்கிறார்கள், பொம்மையா இது, ரெக்கை என்னைவிட நீளம், மூக்கில் சுற்றுகிற விசிறி கண்ணுக்கே தெரியவில்லை, வெறும் வட்டம்தான் தெரிகிறது, விரலை நீட்டினால் விரல் இருக்காது. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலை மூட்டை, தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போனவன் நான், கனத்துக்குப் பயந்ததில்லை. ஆனால் மூட்டை செத்த கனம், போட்ட இடத்தில் கிடக்கும். இது இழுக்கிறது, உயிரோடு இருக்கிற மாதிரி இழுக்கிறது, என்னை விடு என்கிறது, எங்கே போவதற்கு... எங்கே என்று தெரியும், நேராகக் கரைக்கு அந்தப் பக்கம், என் பெண்டாட்டி கஸ்தூரி குனிந்திருக்கிற மல்லாட்டைக் கொல்லைக்கு.

போன மாசமும் அங்கேதான் போனது. மேலே அழகாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது, சார் திடீரென்று ரிமோட்டை இப்படியும் அப்படியும் ஆட்டினார், முகம் வெளுத்துவிட்டது, சிக்னல் போச்சுண்ணா, கேக்கலண்ணா, கேக்கலண்ணா... விமானத்துக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதுதான் அதற்குக் காது. ரிமோட் சொல்வது காதில் விழாமல் போனால் விசிறியை அதுவே நிறுத்திக்கொண்டு இறங்கிவிட வேண்டுமாம், ஃபெயில்சேஃப் என்று பெயராம். அன்றைக்கு நிற்கவில்லை. கரையைத் தாண்டிப் போனது, நான் பின்னால் ஓடினேன், செருப்பு எங்கே விழுந்ததென்று தெரியாது, ஓடிப்போய்ப் பார்த்தால் மோட்டார் கொட்டகைச் சுவரில் மோதி நொறுங்கிக் கிடக்கிறது, கஸ்தூரி தலைத்துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். விமானம் போன வேகத்துக் காற்று துண்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, தலைக்கும் விமானத்துக்கும் ஒரு சாண் இருந்திருக்குமா... ‘யோவ், இன்னாய்யா, ஏரோப்ளேன் வுட்டா பொண்டாட்டியக் கொல்லப் பாக்கற? என்னைத் தள்ளிட்டு யாரக் கட்டிக்கப் போற?’ மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள், வள்ளி சொன்னாள், ‘அண்ணனுக்கு யாருக்கா பொண்ணு குடுப்பா?’ எல்லோரும் சிரித்தார்கள், அருணேஷ் சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை. அந்தத் துண்டு வேலிமுள்ளில் ஆடிக்கொண்டிருந்ததே, அதுதான் கண்ணை மூடினால் வருகிறது, துண்டுக்குள் தலை இருக்கிற மாதிரி வருகிறது.

சார்தான் சொன்னார், தப்பு என்னுதுதாண்ணா என்று. புதுப் பெட்டியை ரிமோட்டோடு சேர்க்கும்போது அவர் விரல் விசிறி வேகத்தைக் கூட்டுகிற மோட்டார் குச்சியை மேலே தள்ளி வைத்திருந்ததாம், பெட்டி அதை அப்படியே மனசில் வைத்துக்கொண்டதாம், பேச்சுக் கேட்காமல் போனால் இப்படித்தான் ஓட வேண்டும் என்று. இப்போது அதை மாற்றிச் சொல்லிக் கொடுத்துவிட்டாராம், விமானம்தான் புதுசு, பெட்டி அதே பெட்டி. மாற்றியது சரிதானா என்று பார்க்கத்தான் இந்தப் பரீட்சை, தூரப் போய் ரிமோட்டை அணைப்பார், விசிறி நிற்க வேண்டும், ‘நின்னா கை தூக்குண்ணா.’ நிற்காவிட்டால்? அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, தலையை ஆட்டிவிட்டு முட்டி போட்டேன், எதற்கெடுத்தாலும் இப்படித் தலையாட்டுகிற புத்தி... அதோ, நின்றுவிட்டார், ரிமோட்டில் கை வைக்கிறார், அணைத்துவிட்டாரா, அணைத்துவிட்டார் போலிருக்கிறது, விசிறி நிற்கவில்லையே.

நிற்கவில்லை. ஐயோ நிற்கவில்லை. சார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு காதில் போனை வைத்திருக்கிறார், லாட்ஜில் ரூம் கேட்கிறவர்களாயிருக்கும், சார், சார் என்று கத்துகிறேன், போனில் பேசுகிற அவருக்கு என் குரல் கேட்கவில்லை. உள்ளங்கை வேர்க்கிறது, வழுக்கினால் தீர்ந்தது. மூக்கைத் திருப்பு, மலைப் பக்கம் திருப்பு... மலையடியில் கிரிவலப் பாதை, வெறுங்காலோடு ஜனங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். இந்தப் பக்கம்? வீடுகள், வாசலில் யாராவது குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். ஆள் இல்லாத திசை என்று ஒன்று இல்லவே இல்லையா, இத்தனை நாள் இந்த ஏரியைச் சும்மா கிடக்கிற பொட்டல் என்றுதானே நினைத்தேன். மூக்கைத் தரையில் குத்திவிட்டால் என்ன, விசிறி உடைந்து போகும், மண்ணுல குத்திடாதண்ணா, மோட்டார் போயிடும் என்று சொன்னாரே, சொன்னாரே என்றால்... கஸ்தூரி தலையைவிட மோட்டார் பெரிதா, குத்துடா சகாதேவா, குத்து. கை குத்த மாட்டேன் என்கிறது. பிடி என்றார்கள், பிடித்திருக்கிறது.

‘அண்ணா, இன்னும் ஆஃப் பண்ணவே இல்லண்ணா! போன் வந்துடுச்சி! இப்பதான் பண்றேன்!’ ஏரிக்குள்ளிருந்து வாய்க்குக் கையைக் குவித்துக் கத்துகிறார். அடப்பாவி. அப்படியென்றால் இவ்வளவு நேரமும் அது சொன்ன பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததா, நான்தான் ஒன்றுமில்லாததற்குச் செத்துச் செத்துப் பிழைத்தேனா, சிரிப்பு வர வேண்டும், வரவில்லை, ஏனென்றால் இனிமேல்தானே நிஜம், இப்போதுதானே அணைக்கப் போகிறார்... அணைக்கிறார்.

நின்றது. வட்டமாகத் தெரிந்தது இரண்டு இலையாகத் தெரிகிறது, கறுப்பு இலை, நுனியில் மஞ்சள். இழுப்பு இல்லை, சத்தம் இல்லை, கரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசுவதுகூடக் கேட்கிறது, அதில் கஸ்தூரி குரல் தனியாகக் கேட்கிறது, யாரையோ வம்புக்கு இழுக்கிறாள், நல்லாயிரு, நல்லாயிரு. இப்போது கையைத் தூக்க வேண்டும். தூக்கு. தூக்கேன். விரல் பிரியவில்லை. எழுதப் படிக்கப் போன முதியோர் வகுப்பில் ஆதிலட்சுமி டீச்சர் சொன்னது எங்கிருந்தோ வருகிறது, ‘பென்சிலக் கொல்லாதீங்க, கைய லூசா வுடுங்க’, என் பேரை எழுதுவதற்குள் எத்தனை பென்சிலை உடைத்தேன், மூட்டையைப் பிடித்தே பழகிய கை, எழுத்து வந்துவிட்டது, இறுக்கம் போகவில்லை... சார் பார்த்துக்கொண்டே இருக்கிறார், என் கை மேலே வரவில்லை, அவருக்கு இவ்வளவு தூரத்தில் விசிறி நின்றது எப்படித் தெரியும். ‘நிக்கலயாண்ணா? நிக்கலயா?’ ஓடி வருகிறார், ஓடிக்கொண்டே கை ரிமோட்டுக்குப் போகிறது, வேண்டாம் சார், மோட்டார் குச்சியை இறக்கினீர்களா, இறக்காமல் ரிமோட்டைப் போட்டால் விசிறி மறுபடி சுற்றுமே, நின்றுவிட்டது சார், வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. பேச்சு வராமல் போனால் நின்றுவிடு என்று இந்தப் பெட்டிக்கு ஒருத்தர் உட்கார்ந்து சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு யார் எதைச் சொல்லி வைத்தார்கள்... செத்துப்போய்க் கையில் கிடக்கிற வாலை நான் இன்னும் இறுக்கிக்கொண்டே இருக்கிறேன், மூக்கு கரையைப் பார்த்தபடியே இருக்கிறது.