முப்பது சென்டிமீட்டர் நாடா

கணவன் இறந்த நான்காவது வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். மேலாளர் அவளை எதிரில் உட்காரவைத்துவிட்டு, புது வேலையைச் சொல்லத் தயங்கினார். வெயில் முகம் பார்க்காமல் மாதக்கணக்கில் மனம் சுருண்டு கிடப்பவர்களுக்கான விளக்கு அது. காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும். மருத்துவமனைகளில் இருப்பது சூட்கேஸ் அளவு பெரியது. இவர்களுடையது கைப்பைக்குள் போக வேண்டும்.

"மனச்சோர்வு, அது இதுன்னு பேச்சு வரும். உனக்கு இப்ப வேண்டாம்னா வேற ஆளுக்குக் குடுத்துடறேம்மா."

"பரவால்ல சார். ஒரு தடவ சார்ஜ் போட்டா எத்தன நாளைக்கு வரணும்?"

"நாலு நாள் வந்தா போதும்" என்றார். அவள் குறித்துக்கொண்டாள்.

கணவனுக்கு முப்பத்தெட்டு வயது. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் அழவில்லை. அதிர்ச்சி என்றார்கள், தானாக வரும் என்றார்கள். ஏழு மாதமாகியும் வரவில்லை. பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு, தன் கன்னத்தைத் தொட்டாலே யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வலியில்லை. வேலை மட்டும் நடந்தது.

வேலை நன்றாகவே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கின் மின்சுற்று அவளுடைய பொறுப்பு. வெளிக்கூட்டைச் செய்தவருக்கு அலுவலகத்தில் மில்லிமீட்டர் என்று பெயர். சாப்பாட்டு டப்பாவைக்கூட மேசை விளிம்புக்கு நேர்கோட்டில் வைப்பவர். முதல் மாதிரி இருபது நிமிடத்தில் தோசைக்கல் போலச் சுட்டது. பின்பக்கம் அலுமினியத் தகடு வைத்தார்கள். இரண்டாவது மாதிரியின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் துடித்தது. கைபேசிக் கேமராவில் பார்த்தால் கறுப்புக் கோடுகள் ஓடின. அதை அவள் ஒன்பது நாளில் சரிசெய்தாள். மூன்றாவது மாதிரியில் பால்நிற மூடிக்குப் பின்னால் ஒவ்வொரு பல்பும் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தது. மூடியை நான்கு மில்லிமீட்டர் தள்ளி வைத்ததும் புள்ளிகள் கரைந்து ஒரே வெண்மையானது. முகத்திலிருந்து முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சம், அதுதான் தேவை. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அந்த எண்ணைக் காட்டியபோது மில்லிமீட்டர் கைதட்டினார். அவள் தேதியைப் போட்டு எழுதிவைத்தாள்.

பிறகு பன்னிரண்டு பேரிடம் விளக்கைக் கொடுத்து மூன்று வாரம் சோதித்தார்கள். ஒரு மனநல மருத்துவர் மேற்பார்வை. பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்குத்தான் கொஞ்சமாவது தெளிவு தெரிந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அவள் அவர்களின் வீடுகளுக்கே மீட்டரோடு போனாள். ஒருவர் விளக்கை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தார். ஒரு அம்மாள் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு ஐந்தடி தள்ளிக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, ஏறக்குறைய கால்வாசிக்குப் போய்விடும். அந்த அம்மாளின் முகத்தில் விழுந்தது நானூறு லக்ஸ்.

"முப்பது சென்டிமீட்டர்னு தாள்ல போட்டிருக்கே" என்றார் மில்லிமீட்டர், மனசு கேட்காமல்.

"யாரும் ஸ்கேலோட உக்கார மாட்டாங்க" என்றாள் அவள்.

தூரத்தை உணரும் சென்சார் வைக்கலாம். ஆனால் அதற்கு இடமும் பேட்டரியும் வேண்டும், விளக்கு மறுபடியும் பெரிதாகிவிடும். ஒரு மாதிரியை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

வீட்டில் அவளும் மாமியாரும்தான். அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது. சலவைக் கடை ஒன்றில் துணிகளைப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கும் தையல் வேலை. மகன் போன பிறகு கடைக்குப் போகவில்லை. மகள் வீட்டுக்கும் போகவில்லை. சோபாவின் ஓரத்தில், அணைத்துவைத்த டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். இருவரும் நல்ல மாதிரியாகத்தான் பழகினார்கள். "சாப்டியா?" "சாப்ட்டேன் அத்தை." "கதவப் பூட்டிட்டியா?" "பூட்டிட்டேன்." அவ்வளவு பேச்சு ஒரு நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

மருத்துவரிடம் சொல்லி, அத்தையின் கண்ணைச் சோதித்த பிறகு, அவரையும் சோதனையில் சேர்த்தாள். காலையில் உணவு மேசையில் விளக்கை வைப்பாள், அத்தையின் கன்னத்தருகே மீட்டரை நீட்டிப் பார்ப்பாள், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளுவாள், மறுபடி நீட்டுவாள்.

ஐந்தாம் நாள் அத்தை மீட்டரைக் கையால் தள்ளிவிட்டார்.

"தெனமும் காலங்காத்தால கன்னத்துல இத நீட்டாத. காய்ச்சக்காரி மாதிரி இருக்கு."

"தூரம் மாறிடுது அத்தை."

"தூரந்தான ஒனக்கு வேணும்? எவ்வளவு?"

"முப்பது சென்டிமீட்டர்."

அத்தை எழுந்து போய்த் தையல் பெட்டியைத் திறந்தார். ஏழு மாதத்தில் அன்றுதான் திறந்தார். வெள்ளை நாடா ஒன்றை அளந்து வெட்டி, ஒரு முனையை மடித்துத் தைத்து, மற்ற முனையை விளக்கின் விளிம்பில் பசைத்தாள் போட்டு ஒட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து நாடாவை இழுத்துக் கன்னத்து எலும்பில் வைத்துக்கொண்டார்.

"எட்டுது. சரியா உக்காந்திருக்கேன். இப்ப நீ போய்க் குளி, லேட்டாவுது."

அவள் குளிக்கப் போகவில்லை. மீட்டரை எடுத்துப் பார்த்தாள். பத்தாயிரத்து இருநூறு.

அலுவலகத்தில் மில்லிமீட்டர் அந்த நாடாவை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "மூணு மாசமா நான் என்ன புடுங்கிட்டு இருந்தேன்?" என்று கடைசியில் தன்னையே கேட்டுக்கொண்டார். கூட்டின் ஓரத்தில் மெல்லிய பிளவு ஒன்று வெட்டி, இழுத்தால் வரும், விட்டால் உள்ளே போகும் நாடாவைப் பொருத்தினார். எடை ஆறு கிராம் கூடியது. இரண்டாவது சோதனையில் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் தேறினார்கள்.

அந்தச் சோதனையில் இருப்பவர்கள் நிரப்பும் கேள்வித்தாளை அவள் கைபேசியில் வரும்படி மாற்றியிருந்தாள். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் தானே நிரப்பினாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலாவது ஆர்வம் உண்டா, கடந்த வாரம் எத்தனை முறை அழுதீர்கள். உண்மையைத்தான் போட்டாள். பொய் போட ஒரு காரணமும் தோன்றவில்லை. பிறகு அதை அழிக்க மறந்துவிட்டாள்.

மருத்துவர் விடைகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், பதின்மூன்றாவதில் நிறுத்தினார்.

"இது யாரு?"

"சும்மா டெஸ்டுக்குப் போட்டது மேடம். அழிச்சிடறேன்."

"இருங்க. சந்தோஷம் இல்ல, துக்கம் இல்ல, கோபம் இல்ல, அழுகை பூஜ்யம். இட்டுக்கட்டிப் போடறவங்க இப்படிப் போட மாட்டாங்க. அங்கங்க மாத்தித் தட்டுவாங்க." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "இவங்களுக்கு வெளக்கு மட்டும் போதாது. என்கிட்ட வரச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள். கதவு வரை போனவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். "நான்தான் மேடம் அது."

"தெரியும்" என்றார் மருத்துவர். "வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வர முடியுமா?"

வியாழக்கிழமைகளில் போனாள். மருத்துவர் கேட்டதற்குப் பதில் சொன்னாள். முதல் மூன்று வாரமும் வெளியே வரும்போது உள்ளே போனது போலவே இருந்தாள். "இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாள் இப்படித்தான்" என்று பதில் வந்தது.

நான்காவது வாரம் நாத்தனார் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணி, ஞாயித்துக்கிழமை வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் எவ்வளவுதான் பாப்பீங்க? உங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு."

"சரி" என்றாள். அத்தையிடம் சொன்னாள். அத்தையும் "சரி" என்றார்.

நாத்தனார் சொன்ன நேரத்துக்கு வந்தாள். கெட்டிக்காரி, கை ஓயாது. ஒரு மணி நேரத்தில் அம்மாவின் துணிகளை இரண்டு பெட்டியில் அடுக்கிவிட்டாள். பிறகு படுக்கையறை அலமாரியைத் திறந்து, ஒரு பெரிய பையை விரித்து, அண்ணனின் சட்டைகளை ஹேங்கரோடு உருவிப் போடத் தொடங்கினாள்.

"இதெல்லாம் இன்னும் எதுக்கு அண்ணி? கண்ணு முன்னாடி இருந்தா கஷ்டந்தான். எங்க ஆபீஸ்ல துணி சேக்கறாங்க, யாருக்காவது..."

"வையி."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ வைன்னு சொன்னேன்! யாரக் கேட்டு அலமாரியத் தொறந்த? இது என் வீடு. அவர் சட்ட. எடுத்தத எடுத்த எடத்துல வை!"

அந்தக் குரல் தன்னுடையது என்று அவளுக்கே உடனே பிடிபடவில்லை. தொண்டை எரிந்தது. காது சூடாக இருந்தது. நாத்தனார் கண்ணில் நீர் முட்ட, "எனக்கும் அவன் அண்ணன்தானே?" என்றாள். அதற்கும் அவள் ஏதோ கத்தினாள். நியாயமில்லாத வார்த்தை, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

அத்தை சோபாவிலிருந்து எழுந்து வந்து அறை வாசலில் நின்றார். மகளின் கையிலிருந்த பையை வாங்கினார். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மாட்டினார். பதினான்கு சட்டை.

மாட்டி முடித்ததும், "நான் வரலடி" என்றார் மகளிடம். "அங்க நீயும் மாப்பிள்ளையும் என்னத் தாங்குவீங்க. எனக்கு இப்ப தாங்கவெல்லாம் ஆள் வேண்டாம்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உண்மையச் சொல்லணும். நான் இருக்கறது பாரமா இருக்கா?"

அவள் யோசித்தாள். ஒன்பது மாதமாக யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"சில நாள் பாரமாத்தான் இருக்கு அத்தை. நீங்க அந்த டிவியவே பாத்துட்டு உக்காந்திருக்கறது தாங்க முடியல." மூச்சு வாங்கியது. "ஆனா போகாதீங்க."

"அது போதும்" என்றார் அத்தை. "டிவியப் போட்டே பாக்கறேன். கரண்டு பில்லு உன்னுது."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். சாயங்காலம் வரை இருந்துவிட்டு, போகும்போது அண்ணனின் சட்டை ஒன்றைக் கேட்டாள். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றாள் அவள். கட்டம் போட்டதை எடுத்துக்கொண்டாள்.

விளக்கு அடுத்த மாதம் உற்பத்திக்குப் போனது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவள் ஒரு துண்டு சாப்பிட்டாள். அதன் இனிப்பு தெரிந்ததா என்று மருத்துவர் வியாழக்கிழமை கேட்டார். கொஞ்சம் என்றாள். அழுகை இன்னும் வரவில்லை. கோபம் மட்டும் அவ்வப்போது வருகிறது, பெரும்பாலும் அற்ப விஷயத்துக்கு. வரட்டும் என்கிறார் மருத்துவர்.

அத்தை திங்களும் புதனும் சலவைக் கடைக்குப் போகிறார். முதல் நாள் போய் வந்தவர், தான் இல்லாத நேரத்தில் கடையில் வேறு யாரோ கால்சட்டைகளைக் கோணலாக மடித்துத் தைத்திருப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார். அவள் எதிரில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள்.