உடம்பு சரியில்லாதவர்

"அமரர்னு எவன்டா போட்டது?"

நிகழ்ச்சித் தாளைக் கையில் பிடித்தபடி அறை வாசலை அடைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள் லெபாங். அவளுக்குப் பின்னால், திறந்த பெட்டியில், அவள் கணவர் டாண்டி பதினோரு மாதமாகப் படுத்திருந்தார். அவரைத் தூக்க வந்த எட்டு பேரும் ஏணிப்படியில் ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

மகள் டமாரிஸ் திரும்பிக் கீழே பார்த்தாள். முற்றத்தில், தூண்கள் மேல் நிற்கும் நெல் குதிர்களுக்கு அடியில், சடங்கைப் பார்க்க வந்த ஒரு வேன் நிறைய விருந்தினர். வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைத் தேடி வரவேண்டும் என்று பத்து வருஷமாய்த் தொண்டை கிழியக் கத்தியவர் அப்பாதான். அவர்களுக்கென்று கழிப்பறை கட்டினார். 'காப்பி குடிக்காமல் படம் எடுக்கக் கூடாது' என்று பலகை எழுதி மாட்டினார். ஒருத்தரும் வரவில்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்கள். இன்றைக்குப் பார்த்தா அம்மா மறிக்க வேண்டும்! இவர்கள் திரும்பிப் போய்விட்டால் அப்பாவின் ஆசையும் அவரோடே பெட்டிக்குள் போய்விடும்.

பெரியப்பா மகன் ரெருங்தான் சுற்றுலாக் குழுத் தலைவன். "டவுன்ல அச்சடிக்கக் கொடுத்தேன் சித்தி, அவன் அவன் வழக்கப்படி போட்டுட்டான். ஒரு வார்த்தைதானே, எப்படியும் இன்னைக்கு..."

"இன்னைக்கு என்ன? முதல் எருமை விழுந்துடுச்சா? இல்லைல்ல? அதுவரைக்கும் உன் சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அவ்வளவுதான். காலையில இந்தத் தாளை அவர்கிட்டயும் காட்டினேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு."

ஏணியில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ரெருங்கும் தலையாட்டினான். சொல்வது நியாயம்தானே, சடங்கில் முதல் எருமையை வெட்டிச் சாய்க்கும்வரை, பதப்படுத்தி வீட்டிலேயே வைத்திருக்கும் உடலை நோயாளியாகவே பார்த்துக்கொள்வதுதான் ஊர் முறை.

டமாரிஸ் பேனாவை எடுத்தாள். எல்லாத் தாளிலும் 'அமரர்' என்பதை அடித்து, 'உடம்பு சரியில்லாத' என்று எழுதி விருந்தினர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அம்மாவிடமும் ஒன்றை நீட்டினாள்; அம்மா அசையவில்லை. "இரு, படிச்சுப் பாத்துக்கறேன்" என்றாள்.

அதற்குள் ஒரு பையோடு ஓர் அம்மாள் விறுவிறுவென்று ஏணியேறி வந்தார். வேனில் வந்த விருந்தாளி, தலைநகர் ஜகார்த்தாக்காரர்.

"யாருக்கு உடம்பு சரியில்ல? நான் டாக்டர். வழி விடுங்க, வழி விடுங்க!"

"அது வந்து டாக்டரம்மா..." என்று ரெருங் தலையைச் சொறிந்தான்.

"நீ சும்மா இருடா" என்று லெபாங் சட்டென்று நகர்ந்து இடம் விட்டாள். "வாங்கம்மா. பதினோரு மாசத்துல டாக்டருன்னு ஒருத்தர் எட்டிப் பாக்குறது இதுதான் முதல் தடவை."

டாக்டர் பெட்டியருகே குனிந்து டாண்டியின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். தொலைந்தோம் என்று டமாரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் அந்தக் கையை உதறவில்லை. மெல்லப் போர்வைக்குள் வைத்து மூடினார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"பதினோரு மாசம்."

"நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்கம்மா. இதைவிட நல்லா யாராலயும் பாத்துக்க முடியாது."

"நெசமாவா?"

"நெசமா."

லெபாங் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "சரி, தூக்குங்கடா. கழிப்பறைப் பக்கமா ஒரு சுத்து சுத்திக் கொண்டு போங்க. அதைப் பாக்காம வரமாட்டாரு."

ஊரே சிரித்தது. கூச்சலும் குலுக்கலுமாகப் பெட்டி இறங்கி, கழிப்பறையைச் சுற்றி, முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் எருமை விழுந்தது.

லெபாங் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தினமும் ஊற்றுகிற விளிம்பு நசுங்கிய தகரக் கோப்பையில் காப்பி ஊற்றினாள். தலைமாட்டில் வைக்கப் போன கை பாதியில் நின்றது. டாக்டர் எதிரே அந்தக் காப்பிப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் தொடாத கேமரா கழுத்தில் தொங்கியது. லெபாங் கோப்பையை அவரிடம் நீட்டினாள்.

"குடிங்க. இது அவரு குடிக்கிற கோப்பை" என்றாள். பிறகு, "குடிச்ச கோப்பை" என்றாள்.

டாக்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தெருமுனையில் அடுத்த வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டமாரிஸ் காப்பிக் கெண்டியை நிரப்பப் போனாள்.