கைநாட்டுத் தாத்தாவின் பாட்டு நோட்டு

விருந்தாளிகள் வந்து சேர இருபது நிமிடம்தான் இருந்தது. அப்போது போய் என் மாணவி அணிலின் அம்மா என்னிடம் சொன்னார், "எங்க தாத்தா கைநாட்டு, டீச்சர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். அதற்குக்கூடத் தெம்பில்லை. அவர்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். ஒன்பது நாளாக ஓட்டம். கடல் தாண்டியிருக்கும் ஒரு பள்ளியிலிருந்து எட்டு மாணவிகள், ஓர் ஆசிரியை, கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். இலக்கியத்தையும் பாரம்பரியத்தையும் பரிமாறிக்கொள்கிற திட்டமாம். பரிமாறுகிறவள் நான் ஒருத்திதான்.

எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேரும் 'என் வீட்டில் வாழும் இலக்கியம்' என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதி வந்ததைப் புரட்டிப் பார்த்த தலைமையாசிரியை, "என்ன டீச்சர் இது, மானத்த வாங்கவா?" என்றார். நான் எழுத வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். இருபத்திரண்டு வருட சர்வீசில் இதுகூடவா தெரியாது. கழுத்துப் பிடித்துக்கொள்ள இரண்டு நாளில் எட்டுக் கட்டுரை எழுதினேன். பிள்ளைகள் அதைத் தங்கள் கையெழுத்தில் பார்த்து எழுதினார்கள். எங்கள் பள்ளியில் ஆண்டு மலர், பேச்சுப் போட்டி எல்லாமே இப்படித்தான். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை, நான் உட்பட.

அணில் என்பது துறுதுறுப்புக்காக வகுப்பு வைத்த பெயர். அவள் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை. மெஷினில் போடுவதற்கு முன்னால் சட்டைப்பைகளைத் துழாவ வேண்டும். குணமாகிப் போனவர்களும் குணமாகாமல் போனவர்களும் விட்டுச் சென்ற துண்டுச் சீட்டுகள் கிடைக்கும். குப்பைக்குப் போக வேண்டியதை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் மகள் வாசித்துக் காட்டுவாள். 'செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லு.' 'பயமா இருக்கு, அவர்கிட்ட சொல்லாத.' எங்கள் வீட்டில் வாழும் இலக்கியம் இதுதான் என்று முடித்திருந்தாள்.

"நோயாளி சட்டைப்பையெல்லாம் பாரம்பரியமாடி?" என்று கேட்டு, சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பிறகு அவளுக்கு ஒரு கொள்ளுத்தாத்தாவை வரவழைத்தேன். ஊர் ஊராகப் போய், கேட்ட பாட்டுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தவர். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

மொழிபெயர்ப்பாளர் சொல்லக் கேட்ட வெளிநாட்டு ஆசிரியைக்கும் கலங்கிவிட்டது. திரும்பும்போது அங்கே ஒரு வருடம் படிக்க ஒரே ஒரு பிள்ளையை அழைத்துப் போவார்கள். அது அணில்தான் என்று சொல்லிவிட்டார். அந்த நோட்டை மட்டும் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

"கரையான் அரிச்சிடுச்சுன்னு சொல்லிடுங்கம்மா," என்றேன். "பொண்ணுக்கு நல்ல வாய்ப்பு."

"சொல்றேன். பொய் சொல்ல எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல, டீச்சர்." சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆனா இவ முதல்ல எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டினா. நல்லாத்தானே இருந்துச்சு? அதுல என்ன தப்பு?"

தப்பு ஒன்றுமில்லை. எட்டில் அது ஒன்றில்தான் கை வைக்கவே தேவையிருக்கவில்லை. படித்தபோதே எனக்குத் தெரியும். ஏழு கட்டுரைகளைத் திருத்தி ஒன்றை மட்டும் விட்டால் தலைமையாசிரியையிடம் மல்லுக்கட்ட வேண்டும். அந்த அலுப்பில்தான் கோடு போட்டேன். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு தம்ளரை எடுத்து நானும் துடைக்கத் தொடங்கினேன்.

ஆசிரியையும் மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள். ஒரே அறைதான், ஆசிரியை கட்டிலில் உட்கார்ந்தார். பயண விண்ணப்பப் படிவத்தைக் கையோடு கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். அவர் ஏதோ கேட்க, ஒன்பது நாளில் தொண்டை கட்டிப்போன மொழிபெயர்ப்பாளர் கரகரத்தார்: "அந்த நோட்டப் பாக்கலாமான்னு கேக்கறாங்க."

அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் அணில், "நோட்டே கிடையாது சார். நானாதான் கதை விட்டேன்," என்றாள்.

என் பக்கம் அவள் திரும்பவேயில்லை. இப்படிச் சொன்னால் பயணம் போச்சு என்று அவளுக்குத் தெரியும். அம்மாவைப் பொய் சொல்ல விட மனமில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. பதினைந்து வயது.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் ஆசிரியையின் முகம் சுருங்கியது. படிவத்தை மடிக்கத் தொடங்கினார்.

"அது நான் எழுதினது," என்றேன். "எட்டையும் நான்தான் எழுதினேன். இவ எழுதினது என் மேஜையில இருக்கு. அது நிஜம்."

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் கேட்டார், "இதையும் சொல்லணுமா, டீச்சர்? இல்ல, வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சிடட்டுமா?"

அணில் இப்போதுதான் என்னைப் பார்த்தாள். எங்கள் மொழி தெரியாத ஆசிரியை, மொழிபெயர்ப்பாளர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி காத்திருந்தார். படிவம் பாதி மடிப்பில் அவர் விரல்களுக்கிடையே அப்படியே நின்றது.