அலமாரிக்குள் வைத்த டிஸ்க் பெட்டி

1988-ஆம் வருஷம் சித்திரையில் அடித்த புழுதிக் காற்றுக்குப் பயந்துதான் செல்லியம்மாள் அந்தப் பெட்டியை இடம் மாற்றினாள்.

குமாரபாளையம் ரோட்டோரத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் அவள் டைப்பிஸ்ட். காசநோய்க்கு மருந்து சாப்பிடும் விசைத்தறிக்காரர்களின் பெயர், ஊர், அடுத்த மாத்திரைக்கு வரவேண்டிய தேதி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. தேதி தவறியவர்களுக்கு அன்றைக்கே தபால் கார்டு போட்டுவிடுவாள். நோயாளிகள் எழுதிக் கொடுக்கும் சீட்டுகளை ஏற்றிய கையோடு கிழித்துவிடுவது வழக்கம். சீக்கு வெளியே தெரிந்தால் அவர்களுக்குத் தறியில் வேலை போய்விடும். ஆக, அத்தனை பேரும் இருந்தது கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு வயரில் இணைத்திருந்த டிஸ்க் பெட்டிக்குள்தான். இரண்டு செங்கல்லை அடுக்கி வைத்த அளவுப் பெட்டி.

மாட்டிக் கொடுத்த இன்ஜினியர் தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "பின்னால இருக்கற ஃபேன் ஓட்டைய அடச்சுப்போடாதீங்க. நாலு பக்கமும் ஒரு சாண் எடம் வேணும். ஓடறப்ப நகத்தக் கூடாது. அப்பப்ப மேல கைய வெச்சுப் பாருங்க. சூடு தாங்கலீன்னா உடனே நிறுத்திப்போடுங்க."

அவள் நிறுத்திவிட்டுத்தான் நகர்த்தினாள். மேஜைக்கு இடப்பக்கம் இருந்த சுவர் அலமாரிக்குள் பெட்டியைத் தள்ளி, வயர் போகும் அளவுக்குச் சந்து விட்டுக் கதவைச் சாத்தினாள். இனித் தூசி அண்டாது என்று நிம்மதி. மணிக்கொரு தரம் இடது கையை உள்ளே விட்டுத் தொட்டும் பார்த்தாள். சூடே இல்லை.

அந்தக் கைக்குச் சூடு தெரியாது. பதிமூன்று வயதில் வந்த தொழுநோய் மருந்தில் குணமாகிவிட்டது. விரல்கூட மடங்கவில்லை. மரத்துப்போனது மட்டும் மீளவில்லை. ராசிபுரத்தில் இருக்கும் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. இருபது வருஷமாக மறைத்து மறைத்து, அவளே அதை மறந்திருந்தாள்.

அக்கினி நட்சத்திரம் பிறந்து ஒன்பதாம் நாள் மத்தியானம், அலமாரிக்குள் டக் டக்கென்று ஏதோ தட்டியது. திரையில் எழுத்து நின்றுவிட்டது. கதவைத் திறந்தாள். அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அனல் அடித்தது.

இன்ஜினியர் வந்து கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பொங்கலுக்கு எடுத்த ஃபிளாப்பி நகல் மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு சேர்ந்த முந்நூற்றுச் சொச்சம் பேர் போனது போனதுதான்.

"கரண்டு ஏறி எறங்குனதுனாலகூட இருக்கலாமுங்க" என்றார் அவர், டாக்டர் நாச்சிமுத்துவிடம்.

அதைப் பிடித்துக்கொண்டு செல்லியம்மாள் தப்பித்திருக்கலாம். இன்ஜினியர் போனபின் டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"கரண்டு இல்லீங்க. காத்தே போகாத எடத்துல நாந்தான் வெச்சனுங்க."

"தொட்டுத் தொட்டுப் பாத்தியேம்மா?"

"இந்தக் கையில பாத்தனுங்க. இதுக்குத் தெரியாதுங்க." எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் அந்தக் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இத முன்னாலயே சொல்லீருக்கலாமல்ல?"

"சொல்லீருந்தா வேலைக்கு வெச்சிருப்பீங்களாங்க?"

அவர் கையை விட்டார். "நோயாளிங்க ஊட்டுல நாம குடுத்த மஞ்ச அட்டை இருக்குமல்ல, அதுல தேதியெல்லாம் இருக்கும்" என்றார்.

மறுநாளிலிருந்து அவள் தறிக் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினாள். யாருக்குச் சீக்கு என்று கேட்க முடியாது. சோத்து நேரத்தில் வாசலில் நின்று, "மஞ்ச அட்டை வெச்சிருக்கறவங்க ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போங்க" என்று பொதுவில் சொல்லிவிட்டு நடப்பாள். கேட்டவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆனி முடிவதற்குள் இருநூற்றுத் தொண்ணூறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அப்படி நடந்த ஒரு நாள், பள்ளிபாளையத்தில் ஒரு சந்துக்குள் இருந்து அங்கம்மாள் என்ற வயதான பெண் கூப்பிட்டாள். அவள் கையில் மஞ்சள் அட்டை இருந்தது. அதில் சின்னராஜ் என்று அவள் மகன் பெயர். மாசியில் சேர்ந்தவன். உள்ளே சுவரில் அவன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது.

"ரத்த ரத்தமாக் கக்குனானுங்க. போயி பதினோரு நாளாச்சு. மாத்திர தீந்து கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போடான்னா, அட்டைய எவன் பாத்துக்கிட்டு இருக்கறான், கார்டு வரட்டும், எப்பவும் வருமல்லன்னு இருமிக்கிட்டே இருந்தான்."

செல்லியம்மாள் அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தாள். "கார்டு போட வேண்டியது நாந்தானுங்க. எந் தப்புல பேரு அழிஞ்சு போச்சுங்க."

அங்கம்மாள் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பின்னால் ஏதோ ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

"கார்டு வந்திருந்தா பொழச்சிருப்பானா?"

"தெரியலீங்க."

அங்கம்மாள் உள்ளே போய், வயிற்றுப்பிள்ளையோடு இருந்த மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினாள்.

"இவளுக்கும் இருமல் இருக்குது சாமி. இவ பேர எழுதிக்க."

"பேரு என்னங்க?"

"குப்பாயி" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்தபடி.

செல்லியம்மாள் நோட்டில் எழுதினாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளே வந்து குப்பாயியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அடுத்த மாதமும் கார்டு போடாமல் நேரிலேயே போனாள். மருந்து முடிந்து டாக்டர் போதும் என்று சொல்கிற வரைக்கும் அப்படியே நடந்தது.