மூக்கம்மாவின் பானை

கண் விழித்ததும் எபெலேவுக்கு முதலில் நினைவு வந்தது பானைதான். படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். நேற்று இரவு குழம்பைச் சூடு பண்ணவில்லை.

மூன்று நாளாக இல்லாத கரண்ட் நேற்று படுக்கப்போகும் நேரத்தில் வந்துவிட்டது. எனுகு நகரத்தின் அந்தத் தெருவே கூச்சல் போட்டது. அதற்குப் பிறகு யாருக்கு நிதானம் இருக்கும்? மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினாள். கணவன் ஒபியோராவின் சட்டைகளையெல்லாம் தேய்த்தாள். போன்களைச் சார்ஜில் போட்டாள். குழம்பைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ஃப்ரிட்ஜுக்காக அவள் காத்திருந்த கரண்டும் எப்போதோ போய்விட்டது.

சமையலறையில் பானை மூடியபடியே இருந்தது. சாயங்காலம் சமைத்து முடித்த சூட்டோடு, ஈ விழக்கூடாதென்று அவளே இறுக்கி மூடியது. சூடாக இருக்கும்போது மூடினால் கெட்டுவிடும் என்பது இந்த ஊரில் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

கசப்பிலைக் குழம்பு. இலையை நுரை அடங்கும்வரை கசக்கிக் கசக்கிக் கழுவி, சேப்பங்கிழங்கு இடித்துப் போட்டு, கருவாடும் ஆட்டுக்கறியும், ஒகிரி என்ற நாறும் புளித்த விதை விழுதும் சேர்த்து, செம்பனை எண்ணெய் மேலே மிதக்கச் செய்தது. ஒபியோராவின் தங்கை உகோயேவுக்காக. கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து இப்போதுதான் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருக்கிறது. ஒனிச்சாவிலிருந்து வாரம் முழுக்கப் போன் பண்ணி, அண்ணன் மனைவியைக் குடும்பமே அழைக்கும் முறையில், "எங்க பொண்டாட்டி, உன் கையால கசப்பிலைக் குழம்பு, அதுல ஒகிரி தாராளமா, சரியா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒபியோரா விடியும் முன்பே அவளை அழைத்துவர பஸ் நிலையத்துக்குப் போயிருந்தான்.

எபெலே மூடியைத் திறந்தாள். குனிந்து மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. எப்போதும் போல ஒன்றுமில்லை.

கடந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது அவள் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. முதலில் சளி என்று நினைத்தாள். சளி போனது, வாசனை திரும்பவில்லை. உலகம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது போல இருந்தது. செம்மண்ணில் மழை விழுவது, ஒபியோராவின் சட்டைக் காலர், எதுவும் அவளிடம் வந்து சேரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள் இருந்த அந்த வளாகத்தில் அவள் பெயரே மூக்கம்மா. ராத்திரி சூடு பண்ண மறந்த பானை, வெயிலில் பையோடு கிடந்த மீன், எதுவானாலும் மற்ற வீட்டுப் பெண்கள் அவளிடம்தான் எடுத்து வருவார்கள். அவள் குனிவாள், கண்ணை மூடுவாள், சொல்வாள். அந்தக் கண் மூடும் நொடியில் எல்லோரும் பேச்சை நிறுத்துவது அவளுக்குப் பிடிக்கும்.

மூக்கு போன பிறகும் குனிந்தாள், கண்ணை மூடினாள். பிறகு நுரை இருக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்த்தாள். சந்தேகம் வந்தால், "கொட்டிடுங்க" என்றாள். சந்தேகம் எப்போதும் வந்தது. வேண்டாம் என்று சொல்பவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை என்பதை அவள் சீக்கிரமே கண்டுபிடித்திருந்தாள்.

இன்று பானை அவளுடையது.

ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் தெரிந்தன. அது சேப்பங்கிழங்கின் பசையாக இருக்கலாம். கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். கசப்பு. கசப்புக்குப் பின்னால் லேசாக ஏதோ. புளிப்பா? கசப்பிலைக்குப் பின்னால் எதுதான் தெரியும்? நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும். மார்ச் மாத வெக்கைதான், ஆனாலும் விடியும்போது கொஞ்சம் காற்று அடித்ததே. இவ்வளவு ஆட்டுக்கறி.

போன் அடித்தது. ஒபியோரா.

"பஸ் வந்துருச்சு. இவ இறங்கினதுமே குழம்பப் பத்திதான் கேக்கறா. சூடு பண்ணிட்டியா?"

"ம்," என்றாள் எபெலே.

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. தனக்குள் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த குரலை அவள் அப்போதுதான் கேட்டாள். காற்று அடித்தது, கொதித்தால் செத்துவிடும், ஆட்டுக்கறி. அடுத்த வீட்டுக்காரிகள் இதையே சொல்லிக் கெஞ்சியபோது அவள் ஒரு முறைகூடக் காது கொடுத்ததில்லை. தன் பானைக்கு மட்டும் வக்கீல் வைத்து வாதாடுகிறாள். உகோயேவின் வயிறு கண்ணுக்குள் வந்தது. இந்தக் குழம்பு நல்லதா கெட்டதா என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது.

இரண்டு கையாலும் பானையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள்.

எதிர் வீட்டு சோமாவின் அம்மா தன் வாசலில் காராமணி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அதுதான் அவள் வியாபாரம்.

"என்னடி, தூக்க முடியாம தூக்கிட்டு வர்ற? உள்ள ஆடு உயிரோட இருக்கா?"

"மோந்து பாருங்கக்கா."

"யாரு, நானா? மூக்கம்மா பானைக்கு நான் தீர்ப்பு சொல்றதா? நல்லா இருக்கே கதை!"

"எனக்கு வாசனை வர்றதில்லக்கா. காய்ச்சல் வந்ததுலேருந்து."

சொல்லிவிட்டாள். சோமாவின் அம்மாவின் கரண்டி எண்ணெய்க்கு மேலே நின்றது.

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே."

"இந்த எண்ணெய்?"

"இல்ல."

"பின்னாடி ஓடுதே, அந்தச் சாக்கடை?"

"இல்ல."

"அப்ப நீ குடுத்து வெச்சவ."

எபெலேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பானை ஆடியது. சோமாவின் அம்மா அதை வாங்கித் தரையில் வைத்தாள். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள்.

"அப்ப என் வெண்டைக்காய்க் குழம்பு? கண்ண மூடிட்டு சாமி வந்தவ மாதிரி 'கொட்டிடுங்க'ன்னியே?"

"நுரை மாதிரி தெரிஞ்சுது..."

"வெண்டைக்காய்க் குழம்புல நுரை தெரியாம நட்சத்திரமா தெரியும்?" வடைகளைத் திருப்பிப் போட்டாள். "நான் கொட்டல, தெரிஞ்சுக்கோ. நல்லாத்தான் இருந்துச்சு. சூடு பண்ணித் தின்னோம். சோமா ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்னான்."

எபெலேவுக்கு முகம் சுட்டது. "அப்பறமும் ஏன் எங்கிட்டயே கொண்டு வந்தீங்க?"

சோமாவின் அம்மா வெந்த வடைகளை வடித்துத் தாளில் கொட்டினாள்.

"காய்ச்சலுக்கப்பறம் நீ கதவச் சாத்திட்டு உள்ளயே கிடந்தே. நல்லா இருக்கியான்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு உள்ளேருந்தே சொல்லுவே. பானையக் காட்டினாத்தான் வெளிய வந்தே." சட்டிக்குக் கீழே இருந்த கனலைத் தள்ளிவிட்டாள். "அதுக்குன்னு என் குழம்ப எல்லாம் தூக்குல போடுவியா நீ?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டியிலிருந்து தள்ளி வந்தாள். மூடியைத் திறந்து, முகத்தைக் கொடுத்து, நிதானமாக இழுத்தாள். எபெலே பேச்சை நிறுத்தினாள். தீர்ப்புக்காக நிற்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தோன்றியது.

"ஒகிரி நல்லாத்தான் போட்டிருக்க."

"அந்த நாத்தம்தானேக்கா? ஒகிரின்னா நாறத்தானே செய்யும்?"

"ஒகிரி நாத்தம் வேற. அது பசியக் கிளப்பும். இது அடியிலேருந்து வருது." மறுபடியும் ஒரு முறை குனிந்தாள். "போச்சு, எபெலே."

"கறிய மட்டும் எடுத்துக் கழுவி..."

"எபெலே."

அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் குழி வெட்டிக் கொட்டினார்கள். செம்பனை எண்ணெய் மண்ணில் ஆரஞ்சு நிறமாக ஊறியது. ஆட்டுக்கறி உருண்டபோது இருவருமே கொஞ்சம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். மண்ணைத் தள்ளி மூடும்போது தனக்கு அழுகை வரும் என்றுதான் எபெலே நினைத்தாள். வரவில்லை. மாறாக, நல்ல பசி எடுத்தது.

உகோயே வளாகத்துக்குள் நுழைந்தபோது அவள் வயிறு முதலில் நுழைந்தது, குரல் அதற்கும் முன்னால்.

"எங்க பொண்டாட்டி எங்க? என் குழம்பு எங்க?"

சோமாவின் அம்மா விட்டுக்கொடுத்த கனலில் எபெலே வள்ளிக்கிழங்குத் துண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செம்பனை எண்ணெயும், உப்பும், இடித்த மிளகாயும் கிண்ணத்தில் இருந்தன. எழுந்து உகோயேவைக் கட்டிக்கொண்டாள்.

"குழம்பு கெட்டுப்போச்சு. கொட்டிட்டேன். நேத்து ராத்திரி கரண்ட் வந்துச்சு."

உகோயே இடுப்பில் கை வைத்து அவளைப் பார்த்தாள். அந்த வீட்டில் பிறந்த பெண் என்ற அதிகாரமெல்லாம் அந்தக் கையில் இருந்தது. "துணியெல்லாம் தேச்சாச்சா?"

"எல்லாம்."

"தொட்டி?"

"ரொம்பி வழிஞ்சுது."

"அப்ப சரி, நியாயம்தான். எங்க வீட்டுலயும் கரண்ட் வந்தா புருஷன் பேரு கூட மறந்துடும்." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆனா ஆட்டுக்கறி? ஐயோ, அத மட்டும் எங்கிட்ட சொல்லாதே."

ஒபியோரா பையை இறக்கி வைத்தான். "சூடு பண்ணிட்டேன்னு சொன்னியே?"

"'ம்'னு சொன்னேன்."

"அது வேறயா!"

உகோயே மூக்கைச் சுருக்கினாள். "ஏதோ கருகுது. உங்களுக்கு வரல?"

"எனக்கு வாசனை தெரியாது," என்றாள் எபெலே. "மழைக்காலத்துலேருந்தே. அந்தக் கிழங்கக் கொஞ்சம் திருப்பி விடு."

உகோயே சட்டென்று குனிந்து கிழங்கைத் திருப்பினாள். விரலைச் சுட்டுக்கொண்டு உதறினாள். ஒபியோரா மட்டும் அசையவில்லை. எத்தனையோ காலை வேளைகளில் அவன் புதிதாக வாங்கிய சோப்பையும், வழியில் பறித்த எலுமிச்சை இலையையும் அவள் முகத்தருகே நீட்டியதும், அவள் "நல்லா இருக்கு" என்றதும் அவன் கண்ணில் ஒவ்வொன்றாகக் கடந்துபோவதை அவள் பார்த்தாள். கோபப்படுவான் என்று இத்தனை மாதம் பயந்திருந்தாள். அவன் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

கருகிய தோலைச் சுரண்டிப்போட்டு, கிழங்கைப் பிட்டு எண்ணெயில் தோய்த்து உகோயே சாப்பிடத் தொடங்கியிருந்தாள். உதடெல்லாம் சிவப்பு. "இன்னும் கொஞ்சம் மிளகாய் போடு. உள்ள இருக்கறவனும் கேக்கறான்."

ஒபியோரா ஒரு துண்டைக் கையில் எடுத்தான். வாயில் வைக்காமல் மூக்கருகே கொண்டுபோனான்.

"புகை," என்றான் மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "கொஞ்சம் கருகல். உள்ள இனிப்பா ஒண்ணு."

"எண்ணெய்?"

மறுபடி முகர்ந்தான். "பழைய எண்ணெய் இல்ல. புதுசு. நல்ல எண்ணெய்."

அவள் அந்தத் துண்டை அவன் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டாள்.