ஆர்கன் வாசிக்கிற கால்

தேவாலய ஆர்கனை வாசிக்கக் கை மட்டும் போதாது. கீழே வரிசையாக இருக்கும் மரக்கட்டைகளைப் பாதத்தால் மிதித்துத்தான் அடித்தொனியை எழுப்ப வேண்டும். போன ஞாயிறு வில்மா உள்ளூர்ப் பூசைக்கு வாசித்துவிட்டு, திஸ்ஸா ஆற்றங்கரைப் பனிக்காற்றில் சைக்கிள் மிதித்து அடுத்த ஊர்க் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கால்விரல்கள் விறைத்துக் கட்டையாகிவிட்டன. நினைத்தது ஒரு சுரம், மிதித்தது வேறு. பாடகர்கள் நடுவிலேயே நின்றுவிட்டார்கள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, டவுன்ல இருந்து கார்ல வர்ற மாஸ்டரையே வச்சுக்கறேம்மா" என்று சொல்லிவிட்டார் பாதிரியார்.

இந்த ஞாயிறு அவள் மூன்றாவது காலுறையை இழுத்து மாட்டுவதைக் கணவன் கால்மான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள மிளகாய்த்தூள் போட்டாச்சா?"

"கால் சூடா இருக்கணும்னு எங்க அம்மா வீட்ல எல்லாரும் போடுவாங்க."

"போன வாரமும்தான் போட்டே."

"முதல்ல எரிஞ்சுது. அப்புறம் மரத்துது."

"பேசாம அந்த மாஸ்டருக்கே விட்டுக்குடேன்டி."

"எலி கடிச்ச காத்துத் துருத்தியைத் தச்சு அந்த ஆர்கனைப் பேச வச்சது அவரா, நானா?"

பூட்ஸுக்குள் காலைத் திணித்தாள். அடுப்பருகிலேயே விரல் அசையவில்லை. இரத்தம் ஓட இடமில்லாத காலில் சூடு எங்கே தங்கும்? எல்லாவற்றையும் உருவி எறிந்தாள்.

"உங்க பூட்ஸைக் குடுங்க."

"அதுல நீ குடித்தனமே பண்ணலாம்."

"அதான் வேணும்."

காலைத் துடைத்து ஒரே ஒரு கம்பளிக் காலுறை, அடியில் மடித்த செய்தித்தாள், காற்றுப் புகாமல் விரல்களுக்கு மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை. கிளம்பினாள்.

பாதி வழியில் குளிரில் விரல்நுனி குத்தத் தொடங்கியது. உடனே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினாள். எதிரே டிராக்டரில் வந்தவன் கேட்டான்:

"என்னக்கா, சைக்கிள் ரிப்பேரா?"

"இல்லப்பா. கால் ரிப்பேர் ஆகக்கூடாதுன்னு ஓடறேன்."

குத்தல் நின்றதும் ஏறி மிதித்தாள். மறுபடி குத்தியது, மறுபடி ஓடினாள்.

அடுத்த ஊர்க் கோவில் மாடியில், ஆர்கன் முன்னால் அவள் பூட்ஸைக் கழற்றும்போது பாதிரியார் ஏறி வந்தார்.

"மாஸ்டர் கீழ வந்து உட்கார்ந்திருக்காரும்மா."

"உட்காரட்டும் சாமி. பாடறதுக்கும் ஆள் வேணுமில்ல."

காலுறையோடு பாதத்தைக் கட்டையின் மேல் வைத்தாள். விரலுக்கு விளிம்பு தெரிந்தது, அடுத்த கட்டையின் இடைவெளியும் தெரிந்தது. மிதித்தாள். அடித்தொனி எழ, கீழே எல்லோரும் ஒன்றாகப் பாடத் தொடங்கினார்கள்.